பின்னல் உடைகளுக்கு வீட்டிலேயே சாயம் போடுவது எப்படி: சமையலறைப் பொருட்களை வைத்து ஒரு முழு வழிகாட்டி

நான் முதல்முறை சாயம் போட்டபோது செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பழுப்பேறிப்போன ஒரு வெள்ளை ஸ்வெட்டர், அதை நீல ஃபுட் கலரும் வினிகரும் கலந்த தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தேன். எடுக்கும்போது அருமையான நீலம். குழாயடியில் காட்டினேன், ஐந்தே நிமிடத்தில் அத்தனை நீலமும் கழுவிக்கொண்டு போய்விட்டது, பழுப்பு மட்டும் பத்திரமாக அப்படியே இருந்தது. வினிகர் போதவில்லை போல என்று இன்னொரு பாட்டிலை ஊற்றி மறுபடி வேகவைத்தேன், அப்போதும் அதே கதைதான். அதற்கப்புறம்தான் உள்ளே தைத்திருந்த லேபிளைப் படித்தேன். நூறு சதவீதம் அக்ரிலிக்.

அதனால் என்ன நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால் என்ன நூல் என்று பாருங்கள். வினிகர் எல்லாத் துணியிலும் சாயத்தைப் பிடிக்கவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், உப்பைப் பற்றியும் அப்படியே. இரண்டும் பொதுவான மருந்து கிடையாது. நூலுக்கு ஏற்ற சாயம், சாயத்துக்கு ஏற்ற துணைப் பொருள், இந்த ஜோடி பொருந்தினால் முக்கால் வேலை முடிந்தது.

நூல் எது என்று கண்டுபிடிப்பது

கம்பளி, அல்பாக்கா, மோஹேர், பட்டு இவையெல்லாம் புரதம், நம் தலைமுடி மாதிரி. செயற்கை ஃபுட் கலர்களில் பெரும்பாலானவை அமிலச் சாய வகையைச் சேர்ந்தவை. அமிலத் தண்ணீரில் கம்பளிக்கு நேர்மின் சுமை கூடுகிறது, சாயத்துக்கு எதிர்மின் சுமை இருக்கிறது, சூடும் சேரும்போது சாயம் நாருக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வினிகருக்கு இங்கே உள்ள வேலை அவ்வளவுதான். நைலானும் இதே முறையில் பிடிக்கும் என்பதால், கம்பளியோடு நைலான் கலந்த சாக்ஸ் நூலுக்குப் பயமில்லாமல் போடலாம்.

பருத்தி, லினன், விஸ்கோஸ் எல்லாம் தாவர வழி நார்கள். ஃபுட் கலர் இவற்றில் நிற்காது, ஆனால் மஞ்சளும் டீயும் ஓரளவு பிடிக்கும். அக்ரிலிக், பாலியஸ்டர் இரண்டும் சமையலறையில் இருக்கும் எதற்கும் மசியாது, அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். கலப்பு நூல் என்றால் கம்பளி இருக்கும் அளவுக்குத்தான் நிறம் ஏறும். பாதி கம்பளி பாதி அக்ரிலிக் என்றால் தூவானம் மாதிரி ஒரு கலங்கிய வெளிர் நிறம் வரும், சில சமயம் அதுவே அழகாகவும் இருக்கும்.

லேபிள் இல்லையா? உள்பக்கத் தையல் ஓரத்தில் தொங்கும் நூல் நுனியை ஓர் அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி சுருண்டு, முடி கருகும் நாற்றம் அடித்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும், மிச்சமிருக்கும் கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி சட்டென்று எரிந்து சாம்பலாகும். உருகி, ஆறியதும் நுனியில் மிளகு மாதிரி கெட்டியான உருண்டை நின்றால் அது செயற்கை இழை. உருண்டை முழுதாக ஆறாமல் தொடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

எடை, பாத்திரம், ஊறவைத்தல்

பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லா அளவும் அந்த எடையை வைத்துத்தான். ஒரு தொப்பி 60 முதல் 100 கிராம் இருக்கும், பெரியவர்கள் போடும் கம்பளி ஸ்வெட்டர் அரைக் கிலோவைத் தொடும். 100 கிராமுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்று கணக்குப் போட்டால், ஸ்வெட்டருக்கு எவ்வளவு பெரிய பாத்திரம் தேவை என்று உங்களுக்கே தெரியும். இருக்கும் பாத்திரத்தில் திணித்துப் போட்டால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகத்தான் வரும். எனவே முதல் முயற்சிக்குத் தொப்பியோ மஃப்ளரோ போதும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது உடையாத எனாமல். இரும்பும் அலுமினியமும் அமிலத்தோடு வினைபுரியும், அதிலும் இரும்பு நிறத்தையே கறுக்கடித்துவிடும். ஃபுட் கலர், வினிகர், டீ மட்டும் என்றால் சமைக்கிற பாத்திரத்திலேயே செய்து கழுவிக்கொள்ளலாம். படிகாரமோ இரும்பு உப்போ (அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட்) சேர்ப்பதாக இருந்தால் அதற்கென்று ஒரு பாத்திரத்தையும் கரண்டியையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள், திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

இப்போது உடுப்பை மென்மையான சோப்புத் தண்ணீரில் அலசி எடுங்கள். புதிதாகத் தெரிந்தாலும் அலச வேண்டும், ஏனென்றால் கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் படிந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, சாயம் போட்ட பிறகு வெளிறிய திட்டாக வந்து நிற்கும். பித்தான், கொக்கி இருந்தால் கழற்றிவிடுங்கள். அவிழ்ந்த கண்ணி ஏதாவது இருந்தால் ஒரு நூலில் கோத்துக் கட்டுங்கள், வெந்நீரில் அது ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது.

அப்புறம் ஊறவைப்பது. இன்னும் பின்னாமல் சிட்டமாக, அதாவது தளர்ந்த சுருளாக இருக்கும் நூலுக்கு அரை மணி நேரம் போதும், பின்னிய பொருளுக்குப் போதாது. கண்ணிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன, நடுவில் காற்று சிக்கியிருக்கிறது, அந்த இடத்துக்குத் தண்ணீரே போகாவிட்டால் சாயம் எப்படிப் போகும்? குறைந்தது இரண்டு மணி நேரம், முறுக்குப் பின்னலும் கெட்டியான ரிப் ஓரமும் இருந்தால் ராத்திரி முழுக்க. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, மூழ்கும்வரை உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிடுங்கள். ஒரு குமிழிகூட வராமல் தானாக அடியில் போய் உட்கார்ந்தால் தயார்.

ஃபுட் கலர் முறை

எந்தக் கலரை எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தூள், திரவம், ஜெல் எதுவும் ஆகும். ஆனால் பீட்ரூட், ஸ்பைருலினா போன்றவற்றிலிருந்து எடுத்த இயற்கை ஃபுட் கலர் இந்த முறையில் பிடிக்காது. சாக்லேட்டுக்கென்று விற்கிற எண்ணெய்க் கலரும் வேண்டாம். பாட்டிலின் பின்னால் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, அல்யூரா ரெட், பிரில்லியன்ட் ப்ளூ என்ற பெயர்கள் இருந்தால் சரியான ஆள்.

அளவு பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், தூளில் பாதி உப்பாகவோ மாவாகவோ இருக்கலாம். ஜெல் என்றால் 100 கிராம் கம்பளிக்கு அரை டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். வெளிறி வந்தால் மறுபடி ஏற்றலாம், அடர்ந்துவிட்டால் இறக்குவது கஷ்டம். ஒரு கப் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கரையாத ஒரு துளி ஜெல் வெள்ளைப் பின்னலில் உட்கார்ந்தால் அம்மைத் தழும்பு மாதிரி அங்கேயே இருக்கும்.

ஒரே சீரான நிறம் வேண்டுமென்றால் வரிசை முக்கியம்: பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கரைத்த சாயம், நன்றாகக் கலக்கிய பிறகு ஊறிய உடுப்பு. வினிகர் இன்னும் இல்லை. அமிலம் இல்லாததால் சாயம் அவசரப்படாமல் எல்லாக் கண்ணிக்கும் போய்ச் சேரும். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, முக்கால் மணி நேரத்தில் 80 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஆவி நன்றாகப் பறக்க வேண்டும், ஓரத்தில் பொடிக் குமிழிகள் எட்டிப்பார்க்க வேண்டும், ஆனால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. நன்றாகச் சூடேறியதும் உடுப்பைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி, காலியான பக்கத்தில் வினிகரை மூன்று நான்கு தவணையாக, தவணைக்கு ஐந்து நிமிட இடைவெளி விட்டு ஊற்றுங்கள். 100 கிராமுக்கு மொத்தம் 100 மில்லி சாதாரண வெள்ளை வினிகர் போதும். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் ஒன்றரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து அதே மாதிரி சேர்க்கலாம், நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

கிளறாதீர்கள். கம்பளி கெட்டியாகிச் சுருங்க மூன்று விஷயம் வேண்டும்: சூடு, ஈரம், உராய்வு. முதல் இரண்டும் ஏற்கெனவே பாத்திரத்தில் இருக்கின்றன, மூன்றாவதை நீங்கள் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருந்தால் சரி. அவ்வப்போது கரண்டியால் மெல்லத் தூக்கித் திருப்பிவிட்டால் போதும்.

இருபது நிமிடம் கழித்து ஒரு வெள்ளைக் கப்பில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு பாருங்கள். முதலில் கருநீலமாக இருந்தது இப்போது வெளிர் நீலமாகியிருக்கும், இன்னும் பத்து நிமிடத்தில் சாதாரணத் தண்ணீர் மாதிரி தெளிந்துவிடும். சாயம் முழுக்கத் தண்ணீரை விட்டு நூலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது மந்திரம் மாதிரிதான் இருக்கிறது. தெளியவில்லையென்றால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர், இன்னும் கால் மணி நேரம். அதற்கும் தெளியாவிட்டால் கம்பளி தாங்கும் அளவுக்கு மேல் சாயம் போட்டுவிட்டீர்கள், மிச்சம் அலசும்போது போய்விடும்.

அடுப்பை அணைத்து, மூடி வைத்து, பாத்திரத்திலேயே முழுதாக ஆறவிடுங்கள். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுப்பது உத்தமம். சூடான கம்பளியைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டினால் அது அதிர்ந்து சுருங்கும் அபாயம் இருக்கிறது.

ஊதா மட்டும் தனிக் கதை. கடையில் வாங்கும் ஊதா என்பது சிவப்பும் நீலமும் கலந்தது, அவை இரண்டும் ஒரே வேகத்தில் நூலில் ஏறுவதில்லை. சிவப்பு முந்திக்கொண்டு முதலில் தொட்ட இடத்திலேயே ஒட்டும், நீலம் சாவகாசமாக வந்து மீதி இடத்தில் பரவும். விளைவாக ஸ்வெட்டரின் விளிம்பெல்லாம் ரோஜா நிறம், மடிப்புக்குள் வானத்து நீலம். மேலே சொன்னபடி சூடேறிய பிறகு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் இந்தப் பிரிவு வெகுவாகக் குறையும். வேண்டுமென்றே பிரியவிடுகிறவர்களும் உண்டு, அவர்கள் உடுப்பை முதலிலேயே வினிகர்த் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் கலரை மேலே ஊற்றுவார்கள். பல நிறம் திட்டுத் திட்டாக வேண்டுமென்றாலும் அதே வழிதான்.

மஞ்சள், வெங்காயச் சருகு, டீ

இயற்கைப் பொருள் என்று வரும்போது கண்ணால் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள். வெட்டினால் கையெல்லாம் சிவக்கும் பீட்ரூட், வேகவைத்த தண்ணீரில் கம்பளியைப் போட்டால் அழுக்கு இளஞ்சிவப்பைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் வெயிலில் காணாமல் போகும். அதன் நிறமியைச் சூடும் கெடுக்கும், வெளிச்சமும் கெடுக்கும். சிவப்பு முட்டைகோஸ் அமிலத்தில் இளஞ்சிவப்பு, சோடாவில் நீலம் என்று வித்தை காட்டும், ஆனால் நிலைக்காது. குழந்தைகளோடு விளையாட நல்லது, இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டருக்கு வேண்டாம்.

நிலைக்கிற நிறம் வேண்டுமென்றால் வெங்காயச் சருகுதான் என் முதல் தேர்வு. அதற்கு முன்னால் கம்பளிக்குப் படிகாரம் ஏற்ற வேண்டும், ஏனென்றால் சாயத்துக்கும் நூலுக்கும் நடுவே அலுமினியம் ஒரு பாலமாக நின்று பிடித்துக்கொள்கிறது. 100 கிராம் கம்பளிக்கு 10 முதல் 12 கிராம் படிகாரத்தைப் பொடித்து வெந்நீரில் கரைத்து, நான்கு லிட்டர் தண்ணீரில் கலந்து, ஊறிய பொருளைப் போட்டு மெல்லச் சூடாக்கி, 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். அதிகம் போட்டால் நல்லது என்று அள்ளிக் கொட்டாதீர்கள், நூல் பிசுபிசுப்பாகிவிடும்.

காய்ந்த சருகு, கம்பளியின் எடையில் பாதியாவது வேண்டும். 50 கிராம் சருகு என்பது கேட்கச் சின்னதாக இருந்தாலும் ஒரு பெரிய பை நிறைய வரும், வாரக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக வடிகட்டி, ஆறியதும் பொருளைப் போட்டு, மறுபடி மெல்லச் சூடேற்றி முக்கால் மணி நேரம் வையுங்கள். மஞ்சள் வெங்காயத்தின் சருகு தங்க மஞ்சளிலிருந்து செம்புநிறம் வரை கொடுக்கும், சிவப்பு வெங்காயம் சில சமயம் எதிர்பாராத பச்சைப் பழுப்பைக் கொடுக்கும். எடுத்த பிறகும் தண்ணீரில் சாயம் மிச்சம் இருக்கும், அதில் ஒரு சாக்ஸைப் போட்டால் இன்னும் வெளிறிய அதே நிறம் கிடைக்கும்.

டீக்குப் படிகாரம்கூட வேண்டாம், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தானே ஒட்டும். 100 கிராமுக்கு 25 கிராம் டீத்தூள், கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டிய தண்ணீரில் சூடு குறையாமல் ஒரு மணி நேரம். பழுப்பு, மணல், தேன் நிறங்கள் வரும். அந்தத் தண்ணீரில் சிட்டிகை இரும்பு உப்பு, 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம், சேர்த்தால் கண்ணெதிரே சாம்பல் நிறத்துக்கு மாறும். டானினும் இரும்பும் சேர்ந்து கறுப்பது பழைய காலத்து எழுதும் மையின் அதே வேதியியல். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் போட்டு வைத்த தண்ணீரும் இதற்கு ஆகும், ஆனால் அதை அளவு பார்த்துப் போட முடியாது என்பதால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரும்பு கூடினால் கம்பளி சொரசொரப்பாகி நாளடைவில் இற்றுப்போகும். இரும்பு உப்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், வாயில் போட்டால் ஆபத்து.

மஞ்சள் தூள் எளிது, பருத்திக்கும் பிடிக்கும், பளீரென்று இருக்கும். 100 கிராமுக்கு 15 கிராம் தூளைத் துணியில் முடிந்து கொதிக்கவிடுங்கள், நேரடியாகக் கொட்டினால் கண்ணிகளுக்குள் தூள் புகுந்து உதறி உதறிக் கை வலிக்கும். ஆனால் இரண்டு குணம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வெயில் பட்டால் வெளுக்கும். இன்னொன்று, அமிலத்துக்கு எதிரான காரம் (சோப்பு, சோடா மாதிரி) பட்டால் சிவக்கும். நான் மஞ்சள் போட்ட மஃப்ளரைத் துணி சோப்பில் துவைத்தபோது, நுரை பட்ட இடமெல்லாம் செங்கல் சிவப்பாக மாறி, யாரோ குத்திவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பதறாமல் வினிகர் கலந்த தண்ணீரில் முக்கினேன், பழைய மஞ்சள் திரும்பி வந்தது. அதற்கப்புறம் ஷாம்பு மட்டும்தான்.

பருத்தியில் பின்னியதற்கு வெங்காயச் சருகு போட வேண்டுமென்றால் நேரடியாகப் படிகாரம் வேலைக்காகாது. முதலில் டீத் தண்ணீரிலோ மாதுளைத் தோல் கொதிக்கவைத்த தண்ணீரிலோ ராத்திரி ஊறவைத்து டானின் ஏற்றி, அப்புறம் படிகாரம், அப்புறம் சாயம். மூன்று நாள் வேலை.

பின்னல் உடைக்கே உரிய சிக்கல்கள்

பக்கங்களைச் சேர்த்துத் தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். அது வெள்ளையாகவே நிற்கும், அடர் நிறம் போட்டால் பளிச்சென்று தெரியும். இடுப்பு ரிப்பில் எலாஸ்டிக் ஓடியிருந்தால் நீண்ட நேரச் சூட்டில் தளர்ந்துபோகும். முறுக்குப் பின்னலில் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஒரு சாயல் வெளிறியே இருக்கும், அதை நான் குறையாக நினைப்பதில்லை, பின்னலின் மேடு பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏற்கெனவே நிறம் இருக்கும் உடுப்பில் சாயம் அதன் மேல்தான் ஏறும்: மஞ்சள் ஸ்வெட்டரில் நீலம் போட்டால் பச்சை வரும்.

திட்டாகிவிட்டது என்றால் இன்னும் கொஞ்சம் அடர்ந்த நிறத்தை முழுவதற்கும் ஏற்றுவதுதான் எளிய வழி. தண்ணீர் அதிகமாக, சாயம் குறைவாக, அமிலம் கடைசியில். பழுப்புக் கறையை மறைக்க டீ நிறமும், டீயோடு இரும்பு சேர்த்து வரும் சாம்பல் நிறமும்போல் உதவுவது வேறில்லை.

அலசுவதும் உலர்த்துவதும்

பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதே சூட்டில் அலசுங்கள். இரண்டு மூன்று தண்ணீர், கடைசியில் ஒரு சொட்டு ஷாம்பு, மறுபடி ஒரு தண்ணீர். வெளியே எடுக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள், தண்ணீர் குடித்த ஸ்வெட்டர் பயங்கர கனமாக இருக்கும், தன் எடையிலேயே ஒரு சாண் நீண்டுவிடும். ஒரு பெரிய சல்லடையை அடியில் கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். முறுக்கிப் பிழிவதும் கூடாது. தடித்த துண்டின் மேல் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, அதன் மேல் ஏறி நின்றால் தண்ணீர் இறங்கிவிடும்.

இன்னொரு காய்ந்த துண்டில் படுக்கவைத்து, கைகளையும் ஓரத்தையும் பழைய அளவுக்கு இழுத்துச் சரிசெய்து, நிழலில் உலரவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி வெளிறும். முதல் இரண்டு முறை தனியாகவே துவையுங்கள். போட்ட சாயம், தண்ணீர் ஆகியவற்றின் அளவு, உடுப்பின் எடை, நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதே சாயத்தில் போட்ட நூல் துண்டு ஒன்றை அதில் கட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஜோடிக் கையுறைக்கு அதே நிறம் வேண்டும் என்று தேடும்போது அந்தத் துண்டு இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.